ரிட்டர்ன் காலி

பல்லராட்டில் ஜூலை மாசம், காலை ஆறே முக்கால், இருட்டு.
முன்கண்ணாடியில் உறைந்த பனியை
ஒரு பழைய லைப்ரரி அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பின்சீட்டில் ஏறிய வெள்ளைக்காரம்மா
போனில் என் பெயரைப் பார்த்துப்
பூவராகன் என்றாள், முழுசாக.
நாலு வருஷமாக இந்த ஊருக்கு நான் வெறும் 'வரா'.

அப்புறம் தமிழில்,
"பேஸ் ஆஸ்பத்திரி. நேரா போயி
சிக்னல்ல லெஃப்ட் கட் பண்ணுப்பா."

ஹீட்டர் சத்தத்தைக் குறைத்தேன்,
காதில் விழுந்தது சரிதானா என்று.

பெரம்பூரில் பதினோரு வருஷமாம்.
ரயில்பெட்டிக்கு ஏதோ இயந்திரம் பொருத்தப் போன
க்ளைவோடு போனவள்.
அவள் தமிழ் மொத்தமும் ஆட்டோவில் பொறுக்கியது.
சமையலுக்கு அதில் சொல் இல்லை,
காய்ச்சலுக்கு இல்லை, வானத்துக்கு இல்லை.
சந்து, மேம்பாலம், ஓரங்கட்டு, சில்லறை,
மீட்டர் ரிப்பேரா, அநியாயம்,
அவ்வளவுதான். அதை வைத்தே பதினோரு வருஷம்.

எழுத்துக்கூட்டி அவள் முதலில் படித்தது
ஒரு ஆட்டோவின் முதுகில்:
பிரசவத்துக்கு இலவசம்.
டிரைவரின் பெயர் அது என்று
ஆறு மாசம் நினைத்தாளாம்.

மயிலாப்பூருக்கு முதல் வருஷம் நானூறு ரூபாய்.
மூணாம் வருஷம் இருநூற்றைம்பது.
ஒருநாள் மஸ்தான் என்றொருவர்
எடுத்த எடுப்பிலேயே நூற்றிருபது என்றாராம்.
பேரம் பேச வாய் திறந்தவள்
மூடிக்கொண்டு ஏறினாளாம்.
வீட்டுக்குப் போய் க்ளைவிடம் சொன்னாளாம்,
இன்று நான் ஊர்க்காரி.

எனக்கு இங்கே எல்லாம் ஒரே ரேட்.
யாரும் ஏமாற்றுவதில்லை,
யாரும் குறைத்துக் கேட்பதுமில்லை.

நான் ஆட்டோ ஓட்டியவன் இல்லை.
கடலூரில் பின்சீட்டிலிருந்து
பத்து ரூபாய்க்குத் தொண்டை கிழியக் கத்திய ரகம்.

ஸ்டர்ட் தெரு நடுவில், விளக்குக்குக் கீழே,
சிலைகள் தோளில் பனியோடு நின்றன.
சிவப்பு விழுந்தது. நாலு பக்கமும் ஈ காக்கை இல்லை.
நின்றேன்.
"போயேம்பா, போலீஸ் இல்ல."
இருவரும் சிரித்தோம். போகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கவில்லை.
"வெயிட்டிங் எவ்ளோ?"
வேண்டாம்மா என்றேன்.
"வேணும்," என்றாள். "க்ளைவ்... நேத்து நைட்டு..."
கை காற்றில் எதையோ துழாவியது.
"ரிட்டர்ன் காலி," என்றாள்.

எங்கள் ஊர் டிரைவர்கள் ஐம்பது கூட்டிக் கேட்கச் சொல்லும் காரணம் அது.
ஒரு நிமிஷம் அப்படித்தான் புரிந்தது எனக்கு.
பிறகு ஆப்பை அணைத்தேன்.

நாற்பது நிமிஷம்.
ராத்திரி ஷிஃப்ட் முடித்த நர்சுகள்
பனியில் வழுக்காமல் பென்குவின் நடை நடந்தார்கள்.
வெளிச்சம் வந்தது, சூடில்லாமல்.
அவள் ஒரு காகிதப் பையோடு வந்தாள்.
மேலாக ஒரு ஜோடி பூட்ஸ்,
இடுக்கில் மூக்குக்கண்ணாடி,
பாதி போட்ட குறுக்கெழுத்து.
பக்கத்து சீட்டில் வைத்தாள்.

ஆள் உட்கார்ந்தால் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும் என் கார்
அந்தப் பைக்குக் கத்தவில்லை.

திரும்பும்போது அவள் வழி சொல்லவே இல்லை.
லெஃப்டும் இல்லை, ரைட்டும் இல்லை.
ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் பர்ஸைத் திறந்தாள்.
"எவ்ளோ?"

பிரசவத்துக்கு எழுதி வைத்தவர்கள்
இதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.
வாழ்நாளில் நான் கேட்டு மட்டுமே இருந்ததை
முதல்முறையாகச் சொன்னேன்:
"பாத்துப் போட்டுக் குடுங்கம்மா."

வாய்விட்டுச் சிரித்தாள்.
பர்ஸுக்குள் போன கை அங்கேயே நின்றது.
"அநியாயம்பா," என்றாள்.

அப்புறம், விளக்கு போடாத வீட்டைப் பார்த்து,
"ரொம்ப அநியாயம்."

கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்துவிட்டது.
சட்டைக் கையால் துடைத்தேன்,
என் பக்கம் மட்டும்.